பந்தி முடிந்த பிறகு

பள்ளிக்கூடத்தில் விருந்து என்றால் ஊரே வருகிறது. ஒருவர் அரிசி தருகிறார். ஒருவர் வெல்லம் தருகிறார். பெண்கள் காய் நறுக்குகிறார்கள். இளைஞர்கள் பந்தல் போடுகிறார்கள். பரிமாற ஆள் இல்லை என்ற பேச்சே கிடையாது. நான், நீ என்று வாளியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

பந்தி முடிகிறது. வெற்றிலை போடுகிறார்கள். கொஞ்சம் பேசுகிறார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள்.

மைதானத்தில் எச்சில் இலை கிடக்கிறது. காற்றில் காகிதக் கோப்பை உருள்கிறது. நாய்கள் வருகின்றன. அடிபம்பைச் சுற்றிச் சேறு. அண்டாவின் அடியில் சோறு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. சமையல் செய்யும் மூன்று பெண்கள் மட்டும் பள்ளியில் இருக்கிறார்கள். அவர்கள் விடியற்காலை 5 மணிக்கு வந்தவர்கள்.

விருந்துக்கு யார் என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசியது. விருந்து முடிந்த பிறகு யார் என்ன செய்வது என்று பேசவில்லை. பேசாமல் விட்ட வேலை யார் தலையில் விழும்? மறுத்துப் பேச முடியாதவர் தலையில்தான் விழும். அதனால்தான் துப்புரவு வேலையை முன்கூட்டியே பேசி, எல்லாரும் பங்கு போட்டுச் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

பள்ளியில் ஊர் விருந்து

பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தருவது நமக்குத் தெரியும். நாடு முழுவதற்குமான மதிய உணவுத் திட்டம் 15.8.1995 அன்று தொடங்கியது. தொடக்கத்தில் பல மாநிலங்களில் தானியத்தை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். சமைத்த உணவாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டது. 2021 முதல் இந்தத் திட்டத்துக்குப் 'பி.எம். போஷண்' என்று பெயர்.

இதோடு சேர்த்து ஊராரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விருந்து தரலாம். வீட்டில் பிறந்தநாள், கல்யாணம், பெரியவர் நினைவுநாள் வந்தால் பள்ளியில் விருந்து போடுகிறார்கள். குஜராத்தில் இதைத் 'திதி போஜன்' என்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 'ஸ்நேக போஜன்'. அசாமில் 'சம்ப்ரீதி போஜன்'. கர்நாடகத்தில் 'ஷாலெகாகி நாவு நீவு' என்று பெயர். பள்ளிக்காக நாங்களும் நீங்களும் என்று அதற்குப் பொருள்.

பெயர்களைப் பாருங்கள். சிநேகம், அன்பு, நாங்களும் நீங்களும். எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் எண்ணம். சில ஊர்களில் பிள்ளைகளோடு ஊராரும் உட்காருகிறார்கள். குடியரசு நாளிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் இப்படி நடக்கும்.

ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒன்றாகத் துடைப்பம் எடுக்கிறார்களா? அங்கேதான் சிக்கல்.

வேலை யார் மேல் விழுகிறது?

முதலில் சமையல் பெண்கள் மேல் விழுகிறது. அரசுக் கணக்குப்படி 25 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒரு சமையலர். 100 பிள்ளைகள் வரை இரண்டு பேர். அதற்கு மேல் ஒவ்வொரு 100 பிள்ளைகளுக்கும் இன்னொருவர். 120 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மூன்று பேர்தான் இருப்பார்கள். 120 தட்டுக்கு ஏற்ற ஆட்கள் அவர்கள். 400 பேர் சாப்பிட்ட இடத்தை அந்த மூன்று பேர் எப்படிச் சுத்தம் செய்வார்கள்?

அவர்கள் வாங்குவது சம்பளம்கூட இல்லை. மதிப்பூதியம் என்று அதற்குப் பெயர். மத்திய அரசு 2009-ல் அதை மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தது. ஆண்டுக்கு 10 மாதம். பல மாநில அரசுகள் தங்கள் பணத்தையும் சேர்த்துத் தருகின்றன. அந்தப் பணம் பிள்ளைகளுக்குச் சமைப்பதற்கு. ஊர் சாப்பிட்ட எச்சிலை எடுப்பதற்கு இல்லை.

இரண்டாவதாகப் பிள்ளைகள் மேல் விழுகிறது. "டேய், அந்த இலையை எடு" என்று யாராவது சொல்வார்கள். எந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரிய வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். தாத்தா காலத்தில் எந்தத் தெருக்காரர் கூட்டினாரோ, அந்தத் தெருப் பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் எல்லாரும் சமம் என்று படித்த பிள்ளை, அதே பள்ளியில் அன்று வேறொரு பாடம் படிக்கிறது.

தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவுக்குத் தலைவர் டாக்டர் அம்பேத்கர். அவர் மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் சிறுவனாகப் பள்ளியில் படித்தார். தாகம் எடுத்தால் பள்ளிக் குழாயை அவர் தொடக் கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் வராத நாளில் தண்ணீர் இல்லை. இதை அவரே எழுதியிருக்கிறார். ஒரு குழாயை யார் தொடலாம் என்பது ஒரு பிள்ளை மனத்தில் வாழ்நாள் முழுக்க நிற்கிறது. ஒரு துடைப்பத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் அப்படித்தான் நிற்கும்.

துடைப்பம் பிடித்த பாபா

அதே மகாராஷ்டிரத்தில் காட்கே பாபா என்று ஒருவர் இருந்தார். 1876-ல் அமராவதிப் பகுதியில் சலவைத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தார். காட்கே என்றால் மண் கலயம். உடைந்த மண் கலயம் ஒன்றை எப்போதும் வைத்திருந்ததால் அந்தப் பெயர் வந்தது. இன்னொரு கையில் துடைப்பம்.

அவர் ஊர் ஊராக நடந்து போவார். ஒரு ஊருக்குள் நுழைந்ததும் யாரையும் கேட்க மாட்டார். தெருவைக் கூட்டத் தொடங்கிவிடுவார். சாக்கடையைத் தள்ளிவிடுவார். பார்த்தவர்கள் வெட்கப்பட்டுத் தாங்களும் வருவார்கள். இரவில் கீர்த்தனை பாடுவார். குடிக்காதீர்கள், கடன் வாங்கிக் கல்யாணம் செய்யாதீர்கள், பிள்ளையைப் படிக்க வையுங்கள், சாதி பார்க்காதீர்கள் என்று சொல்வார். மக்கள் கொடுத்த பணத்தில் பண்டரிபுரம், நாசிக் போன்ற ஊர்களில் ஏழைகள் தங்கச் சத்திரங்கள் கட்டினார். பள்ளிகளும் விடுதிகளும் ஏற்படுத்தினார். 1956-ல் காலமானார். இன்று அமராவதியில் உள்ள பல்கலைக்கழகம் அவர் பெயரில் இருக்கிறது. ஊர்ச் சுத்தத்துக்காக மகாராஷ்டிர அரசு 2000-ல் தொடங்கிய இயக்கத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

அவர் செய்ததில் ஒரு முறை இருக்கிறது. முதலில் துடைப்பம், பிறகுதான் பேச்சு. நம் விருந்துக்கும் இதைப் பின்பற்றலாம். விருந்து கொடுப்பவரும் ஊர்த் தலைவரும் முதலில் துடைப்பம் எடுத்தால் போதும். மற்றவர்களைக் கெஞ்ச வேண்டியதில்லை.

கூட்டத்திலேயே பேச வேண்டும்

ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தில் ஒரு ஜில்லா பரிஷத் பள்ளி. 120 பிள்ளைகள். ஜனவரி 26 அன்று கொடியேற்றிய பிறகு ஸ்நேக போஜன். ஊராரையும் சேர்த்தால் 400 பேர். பூரி, உருளைக்கிழங்கு பாஜி, சோறு, பருப்பு, ரவை ஷிரா. இதுதான் சாப்பாடு.

கூட்டத்தைப் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில் இந்தக் குழு இருக்க வேண்டும். இதில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோர்கள். குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஆகவே இது தலைமை ஆசிரியரின் குழு இல்லை, நம் குழு. அரிசி எத்தனை கிலோ என்று பேசும் அதே கூட்டத்தில் சுத்தம் செய்ய எத்தனை பேர் என்றும் பேச வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள்.

400 பேர் விருந்துக்கு 30 பேர் இருந்தால் வேலை எளிது. இலை எடுக்க 8 பேர். தட்டும் டம்ளரும் கழுவ 8 பேர். அண்டா, கரண்டி தேய்க்க 5 பேர். தண்ணீர் கொண்டுவர 3 பேர். மைதானம் கூட்ட 4 பேர். கழிப்பறைக்கு 2 பேர். எல்லாரும் வந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 15 பேர்தான் வந்தார்கள் என்றால் பொழுது சாயும்.

பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். "எல்லாரும் வருவோம்" என்ற பேச்சை நம்பக் கூடாது. எல்லாரும் வருவோம் என்றால் யாரும் வர மாட்டோம் என்று பொருள். எழுத்தறிவு மையத்தில் எழுதப் படித்த ஒருவரே பட்டியலை எழுதலாம். பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டினால் எல்லாரும் படிப்பார்கள். தன் பெயர் சுவரில் இருந்தால் வராமல் இருப்பது கடினம்.

யாருக்கு எந்த வேலை? இதில்தான் பழைய வழக்கம் நுழைந்துவிடும். "நீங்கள் இலையை எடுத்துவிடுங்கள், நாங்கள் பரிமாறுகிறோம்" என்று ஒரு தெருக்காரர் இன்னொரு தெருக்காரரிடம் சொல்வார். இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. சீட்டுப் போடுங்கள். வேலைகளைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சுருட்டி ஒரு சொம்பில் போடுங்கள். வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று எடுக்கட்டும். சீட்டுக்குச் சாதி தெரியாது. ஆண், பெண் என்ற பேதமும் தெரியாது.

முணுமுணுப்பு வரும். "எங்கள் வீட்டார் எச்சில் இலை எடுப்பதா?" என்று ஒருவர் கேட்பார். அவரோடு சண்டை போட வேண்டாம். இலை எடுக்கும் பட்டியலில் முதல் பெயராக விருந்து கொடுப்பவர் பெயர் இருக்கட்டும். இரண்டாவது பெயர் சர்பஞ்ச் பெயர். கிராமப் பஞ்சாயத்துத் தலைவரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். மூன்றாவது தலைமை ஆசிரியர். இந்த மூன்று பெயரும் சுவரில் இருக்கும்போது அந்தக் கேள்வி தானாக அடங்கும். இந்த மூவரும் மறுத்தால்? அப்படியானால் ஸ்நேக போஜன் என்ற பெயரை எடுத்துவிட்டு வெறும் சாப்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆண்கள் பாத்திரம் தேய்ப்பதா என்றும் சிலர் கேட்பார்கள். அமிர்தசரஸ் பொற்கோவிலுக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே லங்கர் என்ற பொது உணவுக் கூடத்தில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். எல்லாரும் தரையில் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். தட்டுக் கழுவும் தொட்டிகளில் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் நின்று தேய்க்கிறார்கள். பணக்காரரும் நிற்கிறார், கூலிக்காரரும் நிற்கிறார். கூலி கிடையாது. அதைச் சேவை என்கிறார்கள். தவிர, 400 பேருக்குச் சமைத்த அண்டாவை இரண்டு பேர் பிடித்தால்தான் புரட்ட முடியும். அது ஆண்களுக்கு ஏற்ற வேலைதான்.

குப்பை குறைந்தால் வேலை குறையும்

எதில் சாப்பிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, டம்ளர், கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றுக்கு 1.7.2022 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. அலங்காரத்துக்கு வைக்கும் தெர்மாகோலுக்கும் தடை. காகிதக் கோப்பை நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் உள்பக்கம் பொதுவாக மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அதனால்தான் தண்ணீர் ஒழுகுவதில்லை. மண்ணில் போட்டால் அந்தப் பூச்சு மக்காது.

மகாராஷ்டிரத்தில் பலாச மரத்தின் இலைகளைக் குச்சியால் தைத்துப் 'பத்ராவளி' செய்கிறார்கள். நாம் அந்த மரத்தைப் புரசு என்கிறோம். நம் ஊர்த் தையல் இலை போன்றதுதான். தென்மாநிலங்களில் வாழை இலை இருக்கிறது. இவை எல்லாம் மக்கி எருவாகும். தைத்து விற்கும் பெண்களுக்கும் நாலு காசு கிடைக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளியின் எவர்சில்வர் தட்டு இருக்கிறது. ஆகவே 280 இலை போதும். தண்ணீர் குடிக்க எவர்சில்வர் டம்ளர். பள்ளியில் இல்லாவிட்டால் வீட்டுக்கு நாலு டம்ளர் இரவல் வாங்கலாம். அடியில் நூல் கட்டி அடையாளம் வைத்தால் திருப்பிக் கொடுக்கும்போது குழப்பம் வராது.

பரிமாறுவதிலும் சிக்கனம் வேண்டும். முதலில் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைப்பது நல்லது. வேண்டாம் என்று கை நீட்டி மறைத்தாலும் மேலே கொட்டுவதை உபசாரம் என்று நினைக்கிறோம். அந்த உபசாரம்தான் குப்பைக் குழிக்குப் போகிறது.

100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்கு இன்னொரு கடமையும் உண்டு. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் இதைச் சொல்லின. மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும். குப்பையை அங்கேயே பிரிக்க வேண்டும். கிராமத்தில் இது பெரிய காரியம் இல்லை. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். குப்பை வண்டி இருக்கும் ஊரில் மறுநாள் காலை வண்டி வரும்.

பந்தி நடக்கும்போது

மூன்று தொட்டிகள் வையுங்கள். ஒன்றில் இலையும் மிச்சச் சோறும். ஒன்றில் காகிதம், பை, பாட்டில். ஒன்றில் உடைந்த கண்ணாடி, பிளேடு போன்றவை. வெறும் எழுத்து போதாது. பக்கத்தில் படமும் வரையுங்கள். சின்னப் பிள்ளைகளும் படிக்காத பெரியவர்களும் வருவார்கள்.

அவரவர் இலையை அவரவரே மடித்து எடுத்து வந்து தொட்டியில் போடச் சொல்ல வேண்டும். பந்தி தொடங்கும் முன்பே இதை ஒருவர் உரக்க அறிவிக்க வேண்டும். விருந்தாளியை இலை எடுக்கச் சொல்வது மரியாதைக் குறைவு என்று பலர் நினைப்பார்கள். கல்யாண வீட்டில் அது சரி. பள்ளியில் விருந்தாளி யார்? பிள்ளைகள்தான் விருந்தாளிகள். மற்ற எல்லாரும் வீட்டுக்காரர்கள். முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் எழுந்து போகட்டும். அவர்கள் இலையை எடுக்கத்தான் 8 பேர் இருக்கிறார்கள்.

ஒரு பந்திக்கும் அடுத்த பந்திக்கும் நடுவில் தரையைக் கூட்டிவிட வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கூட்டலாம் என்று விட்டால் சோறு மிதிபட்டுத் தரையில் ஒட்டிவிடும். பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

பாத்திரமும் தண்ணீரும்

அண்டா காலியானதும் உடனே தண்ணீர் ஊற்றி வையுங்கள். சூடாக இருக்கும்போதே ஊறினால் அடி இளகும். காய்ந்துவிட்டால் நாலு மடங்கு வேலை.

தட்டுக் கழுவ மூன்று பெரிய டப்பாக்கள் வேண்டும். தட்டில் உள்ள மிச்சத்தை முதலில் வழித்துத் தொட்டியில் போட வேண்டும். முதல் டப்பாவில் சோப்பு அல்லது சலித்த அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். இரண்டாவதில் அலச வேண்டும். மூன்றாவதில் நல்ல தண்ணீரில் மறுபடி அலச வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கு முதல் டப்பாவில் வெந்நீர் நல்லது. தண்ணீர் கலங்கியதும் மாற்றிவிட வேண்டும். மூன்றாவது டப்பா தண்ணீர் கலங்கலாக இருந்தால் கழுவியதற்குப் பயன் இல்லை. அழுக்குத் துணியால் துடைக்காமல் வெயிலில் கவிழ்த்து வைத்தால் தானே காயும்.

இந்த வேலையை அடிபம்பின் காலடியில் செய்யக் கூடாது. எச்சில் தண்ணீர் அங்கே தேங்கும். மண்ணில் இறங்கி, பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரையே கெடுக்கலாம். கொசுவும் வரும். தள்ளி ஒரு இடத்தில் கழுவி, தண்ணீரைச் செடிகளுக்கோ உறிஞ்சு குழிக்கோ விடலாம். உறிஞ்சு குழி என்றால் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு குழி. அடியில் பெரிய கல், மேலே சின்னக் கல் போட்டு நிரப்ப வேண்டும். ஒருமுறை வெட்டினால் மதிய உணவுப் பாத்திரம் கழுவும் தண்ணீருக்கும் நாள்தோறும் பயன்படும். விருந்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்தால் வெட்டிவிடலாம்.

மிச்சச் சோறும் மாடும்

தொடாத சோறு மிஞ்சினால் உடனே பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சோற்றிலும் பருப்பிலும் கிருமி வேகமாகப் பெருகும். வாடை வந்த பிறகுதான் கெட்டது என்று நினைக்க வேண்டாம். வாடை வராமலும் கெட்டிருக்கும். மாலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைப்பது ஆபத்து. மதியம் 2 மணிக்குள் கொடுத்து முடியுங்கள். யார் வீட்டுக்கு என்று கேட்டு, பாத்திரம் கொண்டுவரச் சொல்லித் தாருங்கள். எச்சிலில் இருந்து எடுத்து யாருக்கும் தரக் கூடாது.

இன்னொன்றும் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. மிச்சத்தை அப்படியே மாட்டுக்குக் கொட்டுகிறோம். பசுவுக்குப் போட்டால் புண்ணியம் என்று நினைக்கிறோம். மாட்டின் வயிறு புல்லுக்கும் வைக்கோலுக்கும் ஏற்றது. சோறு, பூரி, இனிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் நிறைய உள்ளே போனால் வயிற்றில் அமிலம் பெருகுகிறது. மாடு அசை போடுவதை நிறுத்தும். வயிறு உப்பும். கழிச்சல் வரும். படுத்துவிட்டால் எழாமலே சாகும். கல்யாணத்துக்கு மறுநாள் மாடு செத்தது என்றால் திருஷ்டி என்பார்கள். திருஷ்டி இல்லை, அது சோறு. ஒரு கறவை மாடு போனால் ஒரு குடும்பத்தின் வருமானம் போகிறது. ஆகவே மாட்டுக்குச் சோறு வேண்டாம். அதற்குள் பிளாஸ்டிக் பை கலந்திருந்தால் இன்னும் கேடு. பை வயிற்றிலேயே தங்கிவிடும்.

இலையும் மிச்சமும் எருக்குழிக்குப் போகட்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் குழி. இலை ஒரு அடுக்கு, அதன் மேல் மண்ணும் சாணிக் கரைசலும் ஒரு அடுக்கு. மேலே சருகு போட்டு மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் எரு கிடைக்கும். முள் வைத்து மூடினால் நாய் தோண்டாது. குப்பையைக் கொளுத்துவது மட்டும் வேண்டாம். பிளாஸ்டிக் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது.

கழிப்பறை

யாரும் பேச விரும்பாத வேலை இது. 400 பேர் வந்தால் பள்ளிக் கழிப்பறை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் அதில் போக வேண்டியது பெண் பிள்ளைகள். போக முடியாமல் மாலை வரை அடக்கிக்கொண்டு உட்காருவார்கள்.

1901-ல் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. காந்தி அங்கே போயிருந்தார். கழிப்பறைகள் நாறின. தொண்டர்களிடம் சொன்னார். அது துப்புரவுக்காரர் வேலை என்று விட்டுவிட்டார்கள். காந்தி ஒரு துடைப்பம் தேடி வாங்கித் தானே கழுவினார். மாநாட்டுத் தொண்டர்களுக்கே அப்படி இருந்தது. இன்றும் அந்தச் சீட்டை எடுத்தவர் முகம் சுருங்கத்தான் செய்யும். கூட ஒருவர் போனால் பாதிப் பாரம் குறையும். அதனால்தான் இதற்கு எப்போதும் இரண்டு பேர்.

கையுறை, செருப்பு, நீளக் கைப்பிடி பிரஷ் வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கலந்தால் நச்சுப் புகை வரும். மூச்சு அடைக்கும். ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்திக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். மலத்தொட்டி நிரம்பி வழிந்தால் யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் வாயு சில நிமிடத்தில் உயிரை எடுத்துவிடும். உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகள் என்ன செய்யலாம்? தங்கள் தட்டைத் தாங்களே வழித்துக் கொண்டுவந்து வைக்கலாம். சோப்புப் போட்டுக் கை கழுவலாம். மைதானத்தில் காகிதம் பொறுக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பொறுக்க வேண்டும். சூடான அண்டா, கண்ணாடித் துண்டு, கழிப்பறை ஆகிய மூன்றும் அவர்களுக்கு வேண்டாம். பையன்கள் பெஞ்சு தூக்குவது, பெண் பிள்ளைகள் கூட்டுவது என்று தானாகப் பிரிந்துகொள்வார்கள். அதை மாற்றி விடுங்கள். பெண் பிள்ளைகள் பெஞ்சு தூக்கட்டும்.

கடைசியில் இரவல் சாமான்களை எண்ண வேண்டும். அண்டா எத்தனை, ஜமுக்காளம் எத்தனை, டம்ளர் எத்தனை என்று பட்டியலைப் பார்த்துத் திருப்ப வேண்டும். சமையல் பெண்கள் அன்று சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த பள்ளி நாளில் அவர்கள் கதவைத் திறக்கும்போது பாத்திரம் கவிழ்ந்து, அடுப்படி காய்ந்து, விறகு ஓரமாக இருந்தால் போதும்.

பள்ளியில் ஒரு நோட்டு வைத்து, அன்று நடந்ததை எழுதி வையுங்கள். 280 இலை வாங்கியதில் எத்தனை மிஞ்சியது? சோப்புக்கு எவ்வளவு செலவு? சோறு எத்தனை படி மிஞ்சியது? 30 பேரில் எத்தனை பேர் வந்தார்கள், யார் எந்தச் சீட்டை எடுத்தார்கள்? அடுத்த விருந்துக்குச் சீட்டுப் போடும் முன் அந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் வாசியுங்கள். போன முறை கழிப்பறைச் சீட்டு எடுத்த இரண்டு பேருக்கு இந்த முறை பரிமாறும் வேலையைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குச் சீட்டுப் போடலாம்.